அமெரிக்க ராணுவ வலையின் வாசலில் ரூட் மாறினால்: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

நிப்ர்நெட் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வலை. ரகசியம் என்று முத்திரை குத்தப்படாத வேலைகளுக்கானது. டிசா என்ற முகமை அதை நடத்துகிறது. பொது இணையத்தை அது கண்ட இடத்தில் தொடுவதில்லை. இன்டர்நெட் அக்சஸ் பாயின்ட் என்று அவர்கள் சொல்லும் சில வாசல்கள் வழியாக மட்டும் தொடுகிறது. ரகசியத் தகவல் போகும் சிப்ர்நெட் இணையத்தோடு சேர்வதே இல்லை, அதனால் அது இந்தக் கதைக்குள் வராது.

அந்த வாசல்களில் யாரோ ஒரு ரூட்டை, அதாவது பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) போக வேண்டிய வழியை, மாற்றுகிறார்கள். உலகின் இன்னொரு மூலையில் ஒரு ஐஎஸ்பியிலோ டேட்டா சென்டரிலோ உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு புகார் வருகிறது. வாசல் ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்க உங்களால் முடியாது. அவர்களுடைய மாற்ற அட்டவணையும் உங்களுக்கு வராது. கையில் இருப்பது உங்கள் ரவுட்டர், பொதுவில் கிடைக்கும் பிஜிபி பதிவுகள் (வலைகள் ஒன்றுக்கொன்று ரூட் சொல்லிக்கொள்ளும் நெறிமுறைதான் பிஜிபி), ஒரு பாக்கெட் கேப்ச்சர், அதாவது ஓடும் பாக்கெட்டுகளின் பதிவு. இந்த மூன்றை வைத்தே நிறைய சொல்லிவிடலாம். ஒரே நிபந்தனை: பாக்கெட் போகும்போது தொலைகிறதா, திரும்பும்போது தொலைகிறதா என்று நிரூபிக்கும்வரை எந்த கான்ஃபிகிலும் கை வைக்காதீர்கள். நான் பார்த்தவரை இந்த வகைப் புகார்களில் நேரம் வீணாவது பெரும்பாலும் போகும் பாதையைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதில்தான். தப்பு திரும்பும் பாதையில் இருக்கும்.

எதற்கும் முன்: அது உண்மையிலேயே ராணுவ வலைதானா?

"டாட் மில் தளம் திறக்கவில்லை" என்று புகார் வந்தால் முதலில் பெயரை டிக் (பெயருக்கான முகவரியைக் கேட்கும் கருவி) போட்டு, எந்த முகவரி வருகிறது என்று பாருங்கள். பொதுமக்களுக்கான டாட் மில் தளங்களில் பல, தனியார் சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துத் தரும்) நிறுவனங்களின் சர்வர்களிலிருந்துதான் வருகின்றன. வந்த முகவரி ஒரு சிடிஎன்னுடையது என்றால் ராணுவ வாசலுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண சிடிஎன் புகாராக நடத்துங்கள்.

முகவரி 6, 7, 11, 21, 22, 26, 28, 29, 30, 33, 55, 214, 215 என்று தொடங்கினால் அது பாதுகாப்புத் துறையின் /8 தொகுதிகளில் ஒன்று (/8 என்றால் முதல் எண் ஒன்றாக இருக்கும் மொத்தத் தொகுதி; சாய்கோட்டுக்குப் பின் எண் கூடக் கூடத் தொகுதி சிறிதாகும்). இவை தவிர 131, 140, 199 போன்ற இடங்களில் சிறு சிறு துண்டுகளும் உண்டு. அவற்றை ஹூஇஸ் (முகவரி யாருடையது என்று சொல்லும் பதிவேடு) பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். 25.0.0.0/8 மட்டும் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தினுடையது. ஹமாச்சி என்ற விபிஎன் மென்பொருள் தன் உள் முகவரிகளுக்கு இதே 25-ஐ எடுத்துக்கொண்டதால், ஒரு பயனரின் கணினியில் 25 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்ததும் பதற வேண்டாம்.

பிரவுசரில் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறதா? அப்படியென்றால் ரூட்டிங் நன்றாகவே இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் சொந்த மூலச் சான்றிதழ்களைப் பொதுவான பிரவுசர்கள் தாமாக நம்புவதில்லை. டிக்கெட்டை வேறு குழுவுக்கு அனுப்பிவிடலாம்.

அறிகுறி 1: உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேவை திடீரென்று நிற்கிறது, உள் முகவரிக்கான பாக்கெட் வெளியே போகிறது

இந்தப் பட்டியலில் மிகச் சுவையானது இதுதான், ஆபத்தானதும் இதுதான்.

மேலே சொன்ன /8 தொகுதிகளில் பலவற்றைப் பாதுகாப்புத் துறை பல ஆண்டுகளாக இணையத்தில் அறிவிக்காமலே, அதாவது அவற்றுக்கான வழியை பிஜிபியில் சொல்லாமலே, வைத்திருந்தது. உள் வலைகளுக்கான 10.0.0.0/8 தீர்ந்துபோன பெரிய நிறுவனங்களும் மொபைல் ஆபரேட்டர்களும் இதைப் பார்த்து, "யாரும் அறிவிக்கவில்லையே, நாம் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்வோம்" என்று 11-ஐயும் 22-ஐயும் 30-ஐயும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே ரூட் இல்லாதவரை யாருக்கும் வலிக்கவில்லை.

2021 ஜனவரி 20 அன்று அது மாறியது. ஜோ பைடன் பதவியேற்ற அதே நாள். குளோபல் ரிசோர்ஸ் சிஸ்டம்ஸ் என்ற, அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனம் ஏஎஸ் 8003 என்ற எண்ணிலிருந்து (ஏஎஸ் எண் என்பது பிஜிபியில் ஒரு வலையின் அடையாளம்) 11.0.0.0/8-இன் பகுதிகளை அறிவிக்கத் தொடங்கியது. ஹரிக்கேன் எலக்ட்ரிக் வழியாக அது உலகமெங்கும் பரவியது. ஏப்ரல் கடைசிக்குள் சுமார் 17.5 கோடி முகவரிகள், அதாவது பழைய ஐபிவி4 உலகில் ஒரு கணிசமான துண்டு, அந்த ஒரே ஏஎஸ்ஸின் கீழ் தெரிந்தன. முகவரிக் கடத்தல் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். பிறகு பாதுகாப்புத் துறையே, இது தன் டிஃபென்ஸ் டிஜிட்டல் சர்வீஸ் பிரிவின் முன்னோட்டத் திட்டம், தன் முகவரிகளை மற்றவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்துவதை மதிப்பிடவும் தடுக்கவும்தான் என்று விளக்கம் தந்தது. 2021 செப்டம்பர் 7 அன்று அறிவிப்புகள் பாதுகாப்புத் துறையின் சொந்த ஏஎஸ் 749-க்கு மாறின.

சரி, இதனால் உங்கள் வலைக்குள் என்ன ஆகும்? இரண்டு விதமாக வரும்.

முதலாவது, நேரடி உடைப்பு. நீங்கள் உள்ளே 11.0.0.0/8 என்று ஒரே மொத்த ரூட்டாக ஃபயர்வால் பக்கம் தள்ளியிருக்கிறீர்கள். வெளியிலிருந்து 11.0.0.0/13 போன்ற சிறிய துண்டு வருகிறது. நீளமான மாஸ்க் (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள பெரிய எண்) ஜெயிக்கும் என்பது ரவுட்டரின் மாறாத விதி, அதனால் பாக்கெட் வெளியே போகிறது. அதே அளவு ப்ரீஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) உள்ளேயும் வெளியேயும் இருந்தால்கூட பல ரவுட்டர்களில் வெளி பிஜிபிதான் உள் வலையின் ரூட்டிங் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பை முந்தும். சிஸ்கோவில் முன்னதற்கு 20, பின்னதற்கு 110 என்பது முன்னுரிமைக்கான இயல்பான மதிப்பு, குறைந்தது ஜெயிக்கும்.

இரண்டாவது, ஒளிந்திருக்கும் கசிவு. உள்ளே எல்லாவற்றையும் /24 ஆகப் பிரித்து வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். உண்மைதான், எல்லா லிங்க்கும் உயிரோடு இருக்கும்வரை. ஒரு கிளையின் லிங்க் விழுந்து அந்த /24 மறையும் கணத்தில், முன்பெல்லாம் போக வழியில்லாமல் செத்துப்போன பாக்கெட்டுகள் இப்போது வெளி ரூட்டைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேரும். பில்லிங் சர்வருக்கான கோரிக்கை, சிஸ்லாக், எஸ்என்எம்பி கம்யூனிட்டி சரம் (கருவிகளைக் கண்காணிப்பதற்கான கடவுச்சொல் போன்றது) எல்லாமே. லிங்க் திரும்பியதும் தடயம் இல்லாமல் சரியாகிவிடும். "சில நிமிடம் போச்சு, தானே வந்துடுச்சு" என்று மூடப்பட்ட பழைய டிக்கெட்டுகளை ஒருமுறை இந்தக் கண்ணோடு திருப்பிப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. எல்லை ரவுட்டரில் 11.0.0.1, 22.0.0.1, 30.0.0.1 ஆகியவற்றுக்கு பிஜிபி டேபிளில் என்ன ரூட் இருக்கிறது என்று பாருங்கள். ஏஎஸ் பாதையின் கடைசி எண் 749 என்றால் அது வெளியிலிருந்து வந்தது. நெட்ஃப்ளோ (போக்குவரத்துக் கணக்கு) பதிவு வைத்திருந்தால், எல்லை இன்டர்ஃபேஸ் வழியாக இந்தத் தொகுதிகளுக்குப் போன போக்குவரத்தைத் தேடுங்கள்.

தற்காலிகத் தீர்வு: நீங்கள் உள்ளே பயன்படுத்தும் தொகுதிகளை எல்லையில் ப்ரீஃபிக்ஸ் லிஸ்ட் போட்டு உள்வரும் பிஜிபியில் மறுத்துவிடுங்கள், அதே தொகுதிக்கு எல்லை ரவுட்டரில் ஒரு நல் (null) ரூட்டும், அதாவது பாக்கெட்டை அங்கேயே எறியும் ரூட்டும், வையுங்கள். இரண்டும் வேண்டும். மறுப்பு மட்டும் இருந்தால், பாக்கெட் டீஃபால்ட் ரூட் வழியாக அப்ஸ்ட்ரீமுக்கு (உங்களுக்கு இணையம் தரும் வலைக்கு) போய் அங்கிருந்து தொடரும். ஏஎஸ் எண்ணை வைத்து வடிகட்டாதீர்கள். 2021 வசந்தத்தில் 8003-ஐ மறுத்து ஒரு விதி எழுதியிருந்தால், செப்டம்பரில் எண் 749 ஆனபோது அந்த விதி ஒன்றையும் பிடித்திருக்காது. நாளை எந்த எண்ணாகவும் மாறலாம், ப்ரீஃபிக்ஸ் மாறாது.

நிரந்தரத் தீர்வு எண்களை மாற்றுவதுதான், சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. சந்தாதாரர் நேட்டுக்கு (பல பயனர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கு) 100.64.0.0/10 இருக்கிறது, ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் அதற்காகவே 2012-இல் ஒதுக்கியது. போதவில்லை என்றால் ஐபிவி6. "அறிவிக்காத முகவரி" என்பது ஒரு தற்காலிக நிலைமை மட்டுமே. அதன் சொந்தக்காரர் எந்த மதியத்திலும் அறிவிக்கலாம், உங்களிடம் கேட்க வேண்டியதில்லை.

அறிகுறி 2: ஒரு அப்ஸ்ட்ரீம் வழியாகப் போனால் தளம் திறக்கிறது, இன்னொன்று வழியாகத் திறக்கவில்லை

இங்கே டிரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களைக் காட்டும் சோதனை) போட்டு, கடைசியாகத் தெரியும் ஹாப்பின் (ரவுட்டரின்) மீது பழி போடுவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். ராணுவ வாசலுக்குள் நுழைந்ததும் டிரேஸ் நட்சத்திரங்களாக மாறுவது பெரும்பாலும் வடிகட்டலின் விளைவு, பழுதல்ல. யுடிபிக்குப் பதிலாக டிசிபி 443-இல் டிரேஸ் போடுங்கள், கொஞ்சம் ஆழமாகப் போகும்.

முதலில் போகும் பாதை. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ், ரைப் நிறுவனத்தின் ரிஸ் ஆகிய இரண்டு பொது பிஜிபி பதிவுகளிலும் அந்த ப்ரீஃபிக்ஸ் கடந்த சில நாட்களில் எப்படித் தெரிந்தது என்று பார்க்கலாம். இரண்டு அப்ஸ்ட்ரீம்களின் லுக்கிங் கிளாஸிலும் (தங்கள் ரூட் டேபிளை வெளியார் பார்க்க அவர்கள் தரும் பக்கம்) பாருங்கள். ஒன்றில் ப்ரீஃபிக்ஸே இல்லை என்றால் வேலை முடிந்தது, அந்த அப்ஸ்ட்ரீமிடம் டிக்கெட் போடுங்கள். இரண்டிலும் இருந்தால் சந்தேகம் திரும்பும் பாதைக்கு நகர்கிறது.

திரும்பும் பாதையை உங்களால் பார்க்க முடியாது, ஆனால் சோதிக்க முடியும். வேறொரு சோர்ஸ் ப்ரீஃபிக்ஸிலிருந்து அதே தளத்தை அதே அப்ஸ்ட்ரீம் வழியாகத் தொட்டுப் பாருங்கள். பழைய ப்ரீஃபிக்ஸ் வேலை செய்கிறது, புதிதாக வாங்கியது மட்டும் செய்யவில்லை என்றால் மூன்று சாத்தியங்கள். அந்தப் பக்கம் உங்கள் ப்ரீஃபிக்ஸை ஏற்கவில்லை; ஏற்றாலும் வாசல் ஃபயர்வால் தடுக்கிறது; அல்லது நாட்டை வைத்துத் தடுக்கிறார்கள், முகவரி எந்த நாட்டுடையது என்ற தரவு பழையதாக இருக்கிறது. 2010 ஜனவரியில் 1.0.0.0/8 ஆசிய பசிபிக் முகவரிப் பதிவகமான ஏப்னிக்குக் கொடுக்கப்பட்டபோது உலகமெங்கும் இதே தொல்லை: பழைய வடிகட்டிகள் அதை "ஒதுக்கப்படாத முகவரி" என்று எறிந்துகொண்டிருந்தன. ஒருமுறை எழுதிய வடிகட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ராணுவமாக இருந்தாலும் சரி, பக்கத்துத் தெரு ஐஎஸ்பியாக இருந்தாலும் சரி.

உங்கள் அறிவிப்பு அங்கே போய்ச் சேரவில்லை என்று தோன்றினால் அளவைக் கவனியுங்கள். ஐபிவி4-இல் /24-ஐ விடச் சிறிய துண்டைப் பொதுவாக யாரும் ஏற்பதில்லை. ஆர்பிகேஐயில் (ரூட் அறிவிப்புகளைச் சரிபார்க்கும் முறை) உங்கள் ரோவா, அதாவது உங்கள் முகவரியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்ற சான்று, தவறான ஏஎஸ்ஸைக் காட்டினால் வழியிலேயே எறியப்படும்.

அறிகுறி 3: இணைப்பு ஏற்படுகிறது, பக்கம் பாதியில் தொங்குகிறது

டிசிபி கைகுலுக்கல் முடிகிறது, டிஎல்எஸ் தொடங்குகிறது, அப்புறம் மௌனம். இது எம்டியு, அதாவது ஒரு லிங்க் கொள்ளும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. பாதை மாறியதில் எங்கோ ஒரு டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) நுழைந்திருக்கிறது.

நடப்பது இதுதான். சர்வர் தன் சான்றிதழை 1500 பைட் பாக்கெட்டுகளில் அனுப்புகிறது. வழியில் ஜிஆர்ஈ டனல் இருந்தால் அங்கே 1476-தான் கொள்ளும். "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு" என்று டனல் ரவுட்டர் ஐசிஎம்பி (வலை தன் பிழைகளைச் சொல்லும் நெறிமுறை) செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய இடம் சர்வர். நடுவில் ஐசிஎம்பியை மொத்தமாக மூடிய ஒரு வாசல் நிற்கிறது. செய்தி சேராததால் சர்வர் அதே அளவில் மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். சிறிய பாக்கெட் எல்லாம் போகும், அதனால் சாதாரண பிங் பச்சை காட்டும்.

கேப்ச்சரில் உறுதி செய்யலாம்: கிளையன்ட் ஹலோ (டிஎல்எஸ்ஸின் முதல் செய்தி) போய்விடும், பதிலுக்கு ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புதல்) வரும், பிறகு சீக்வென்ஸ் எண்ணில் ஒரு ஓட்டை தெரியும், அது நிரம்பவே நிரம்பாது. தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. எல்லையில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (ஒரு பாக்கெட்டில் வரும் தரவின் உச்ச அளவைக் குறைக்கும் அமைப்பு) 1360 என்று வையுங்கள். உங்கள் பயனர் அறிவிக்கும் எம்எஸ்எஸ்ஸை அந்தப் பக்கச் சர்வர் மதிக்கும், ஆகவே யாரிடமும் கெஞ்சாமல் சர்வரின் பாக்கெட்டைச் சுருக்கிவிடலாம். உடனே சரியானால் காரணம் நிரூபணம்.

இந்தப் பாக்கெட் அளவுத் தொல்லைக்கு இதே வாசலில் ஒரு முன்னோர் உண்டு. 1983 அக்டோபரில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டிலிருந்து ராணுவத்துக்கான மில்நெட் பிரிக்கப்பட்டபோது இரண்டுக்கும் நடுவில் வைத்த கேட்வேகளுக்கு மெயில்பிரிட்ஜ் என்று பெயர். அவசரம் என்றால் மின்னஞ்சலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைக்கலாம் என்பது எண்ணம். ரூட்டுகளைச் சொல்லிக்கொள்ள ஈஜிபி என்ற நெறிமுறை இருந்தது. அது தனக்குத் தெரிந்த எல்லா நெட்வொர்க்கையும் ஒரே ஐபி டேட்டாகிராமில் திணித்து அனுப்பும். ஆர்ப்பாநெட்டின் எம்டியு சுமார் ஆயிரம் பைட். இணையம் வளர வளர அந்த டேட்டாகிராம் துண்டுகளாக உடைந்தது, ஒரு துண்டு தொலைந்தால் மொத்த அப்டேட்டும் போனது. மாஸ்க்கையும் அதனால் சுமக்க முடியாது என்பதால் 1993-இல் சிடர் (மாஸ்க்கை வைத்து முகவரிகளைப் பிரிக்கும் முறை) வந்ததும் அதன் கதை முடிந்தது. பிஜிபி அந்த இடத்தைப் பிடித்தது. மில்நெட்டின் அந்நாளைய எண் 26. ஆர்ப்பாநெட்டின் எண் 10, அதுதான் இன்று நம் எல்லோர் அலுவலகத்திலும் இருக்கும் 10.0.0.0/8.

அறிகுறி 4: சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை, கேப்ச்சரில் சின் (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்) போகிறது, பதில் காணோம்

வாசல்கள் பல. நீங்கள் ஒன்றின் வழியாக நுழைகிறீர்கள், பதில் இன்னொன்றின் வழியாக வெளியே வருகிறது. வெறும் ரவுட்டர்களாக இருந்தால் இது குற்றமே அல்ல, இணையம் இப்படித்தான் ஓடுகிறது. நடுவில் ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால் (ஒவ்வோர் இணைப்பின் தொடக்கத்தையும் நினைவில் வைப்பது) வந்தால்தான் சிக்கல்: சின்னைப் பார்க்காத ஃபயர்வால் சின்-ஏசிகேவை எறிந்துவிடும். அவர்கள் பக்கம் ரூட் மாற்றம் நடக்கும்போது இது வரலாம், போய்விடலாம்.

ஆனால் முதலில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு அப்ஸ்ட்ரீம், இரண்டு ஃபயர்வால், ஸ்டேட் பகிர்வு இல்லை என்றால் அதே குற்றம் உங்கள் வீட்டிலேயே நடக்கிறது. ஸ்ட்ரிக்ட் யுஆர்பிஎஃப் (சோர்ஸ் முகவரியைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் அமைப்பு) போட்ட இன்டர்ஃபேஸ் இருந்தால் இன்னும் மோசம். சோர்ஸுக்கான சிறந்த ரூட் அந்த இன்டர்ஃபேஸ் வழியாக இல்லையென்றால் பாக்கெட் சத்தமில்லாமல் விழும். அந்த கவுன்ட்டரைப் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் ஸ்ட்ரிக்ட்டை எடுத்துவிட்டு லூஸ் அல்லது ஃபீஸிபிள் பாத் முறைக்கு மாறுங்கள். பல அப்ஸ்ட்ரீம் உள்ள இடத்தில் ஸ்ட்ரிக்ட் வேண்டாம் என்று ஆர்எஃப்சி 3704 2004-லேயே சொல்லியிருக்கிறது.

உங்கள் பக்கம் சுத்தம் என்றால், ஒரு அப்ஸ்ட்ரீமில் ஏஎஸ் ப்ரீபெண்ட் செய்து (உங்கள் ஏஎஸ் எண்ணைப் பலமுறை சேர்த்து அந்தப் பாதையை நீளமாகக் காட்டி) திரும்பும் பாதையை மறுபக்கம் தள்ள முயலலாம். அந்தப் பக்கம் லோக்கல் ப்ரெஃபரன்ஸ் (தாங்கள் விரும்பும் வழி எது என்ற அமைப்பு) வைத்திருந்தால் ப்ரீபெண்டுக்கு மதிப்பே கிடையாது. முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை, நம்பிக்கையும் வேண்டாம்.

அறிகுறி 5: "ஜி ரூட் விழுந்துவிட்டது" என்று மானிட்டர் கத்துகிறது

இங்கே ரூட் என்பது வழியல்ல, வேர். இணையப் பெயர்களுக்கு வேராக இருக்கும் 13 டிஎன்எஸ் ரூட் பெயர்களில் இரண்டு ராணுவத்தின் கையில் இருக்கின்றன. ஜி, 192.112.36.4, டிசாவினுடையது. ஹெச் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தினுடையது. ஜி ரூட் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. அது பழுதல்ல, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பிங்கை எடுத்துவிட்டு, டிக் கொண்டு ரூட்டின் எஸ்ஓஏ என்ற டிஎன்எஸ் பதிவைக் கேட்கும் சோதனையை வையுங்கள்.

ஹெச் ரூட் மட்டும் பதில் தரவில்லை என்றால் உங்கள் ரிசால்வரின் (பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வரின்) ஹின்ட்ஸ் ஃபைலை, அதாவது ரூட் சர்வர்களின் முகவரிப் பட்டியலை, திறந்து பாருங்கள். 128.63.2.53 என்று இருந்தால் அது 2015 டிசம்பர் 1-க்கு முந்தையது. இப்போதைய எண் 198.97.190.53. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பெட்டி என்பதற்கு இது நல்ல சாட்சி, அதில் வேறென்ன பழசாகக் கிடக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

புகார் அனுப்ப வேண்டி வந்தால்

திரும்பும் பாதையில்தான் தப்பு என்று காட்டிவிட்டீர்கள், அப்ஸ்ட்ரீமும் கை விரித்துவிட்டது. வட அமெரிக்க முகவரிப் பதிவகமான ஆரினின் ஹூஇஸில் அந்த முகவரித் தொகுதிக்கு எழுதியிருக்கும் தொடர்பு முகவரிக்கு எழுதுங்கள். "தளம் திறக்கவில்லை" என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது. சோர்ஸ் முகவரி, அதை அறிவிக்கும் ஏஎஸ், டெஸ்டினேஷன் முகவரி, போர்ட், கடைசியாக வேலை செய்த நேரம், முதலில் உடைந்த நேரம், வேலை செய்யும் இன்னொரு சோர்ஸிலிருந்து எடுத்த அதே சோதனை. நேரத்தை யுடிசியில் எழுதுங்கள், உள்ளூர் நேரத்தில் அல்ல. அவர்களுடைய பதிவுகள் ஜூலு நேரம் என்று அவர்கள் அழைக்கும் அதே யுடிசியில்தான் இருக்கும். கேப்ச்சரை இணைக்க வேண்டாம், ராணுவ மெயில் சர்வர்கள் தெரியாத இணைப்புகளை விடாமல் போகலாம். தேவையான நான்கு வரியைச் சாதாரண எழுத்தாக மெயிலுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

பதில் வராமலே ஒருநாள் சரியாகிவிடும் சாத்தியமே அதிகம். அப்போது ரூட்வியூஸில் அந்த நேரத்து மாற்றத்தைப் பார்த்து, எந்த ப்ரீஃபிக்ஸ், எந்த ஏஎஸ் பாதை என்று டிக்கெட்டில் எழுதிவிட்டு மூடுங்கள்.